என்புறுதிச் செம்மல்

எலும்பை மாலையாகப் பூண்ட பெருமானை நாள்தோறும் வணங்கும் நாட்டில், எலும்புக்கென்று ஒரு நிலையம் எழுந்ததில் வியப்பில்லை. கோப்பாயிலிருந்து உரும்பிராய்க்குத் திரும்பும் வழியில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே, கோபுரத்துக்குத் தீட்டும் வண்ணங்களையே பூசிக்கொண்டு அது நின்றது. முகப்பில் 'மீனாம்பிகை ஞாபகார்த்த என்புறுதி நிலையம்' என்று பொன்னெழுத்து. அதன் கீழே, சற்றே பெரிய பொன்னெழுத்தில், அதைக் கட்டிக் கொடுத்த மகனின் பெயர்: மயூரதன், ரொறன்ரோ.

மீனாம்பிகை அம்மையார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்பு முறிந்து, நெடுங்காலம் பாயிற் கிடந்து சிவபதம் எய்தியவர். பாயிற் கிடந்த காலத்தில் மகனுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. சிவபதம் எய்திய பின் கிடைத்தது. வந்தவர் எலும்பின் அடர்த்தியை அளக்கும் மானி ஒன்றை இறக்குமதி செய்தார். அதற்கு ஒரு மண்டபம் சமைத்தார். அதன் பொறுப்பை என்பியல் வித்தகர் டொக்டர் வாகீசனிடம் ஒப்புவித்துவிட்டு விமானம் ஏறினார். 'என்பியல் வித்தகர்' என்னும் பட்டத்தை டொக்டருக்கு வழங்கியது அந்நிலையத்தின் பட்டமளிப்புக் குழு. அக்குழுவுக்குத் தலைவர் டொக்டர் வாகீசன்.

மானி இருந்த அறை கருவறை முறைமையில் அமைந்தது. செருப்பு வாசலுக்கு வெளியே. ஆடவராயின் சட்டையும் வெளியே. மானியின் நெற்றியென்று கருதத்தக்க பகுதியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. காலையில் விளக்கேற்றித் திருமுறை ஓதி, நோயாளர் யாவரும் எழுந்து நின்று வலக்கையை உயர்த்தி உறுதிமொழி கூறுவர்: "என் என்பு என் குலத்தின் தூண். தூண் தளர விடேன். பால் அருந்துவேன். வெயில் காய்வேன். நிலையத்தின் சொல் மீறேன்." நிற்க இயலாதவர்களை அருகிலிருப்போர் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பது விதி. நிற்க இயலாதவர்களே அங்கு வருவோரிற் பெரும்பாலோர் ஆகையால், தாங்குவோருக்கு எந்நாளும் தட்டுப்பாடு நிலவியது.

இத்தகைய நிலையத்துக்கு இராசநாயகம் ஒரு வியாழக்கிழமை வந்து சேர்ந்தார். அறுபதை எட்டாத உரும்பிராய்த் தோட்டக்காரர். வெங்காய மூடை ஒன்றை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றும்போது நாரியில், முதுகின் அடிப்பாகத்தில், எதுவோ நொடிந்தது. பிடிப்பென்று எண்ணி எண்ணெய் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க நோ கூடியது. படம் எடுத்துப் பார்த்தபோது முள்ளந்தண்டில் ஓர் எலும்பு, காலில் மிதிபட்ட தீப்பெட்டி போலத் தட்டையாகிக் கிடந்தது. இளமை தொட்டு அதே மூடையைத் தூக்கிய முதுகு, இம்முறை மட்டும் ஏன் முறிந்தது என்ற கேள்வி அந்நிலையத்தில் எவருக்கும் எழவில்லை. முறிந்த எலும்பு வந்திருக்கிறது. எலும்பு நிலையம் திறந்திருக்கிறது. இடையில் கேள்விக்கு இடமேது?

"ஐயா, நாரியிலை ஏதோ முறிஞ்ச மாதிரி..." என்று தொடங்கினார் இராசநாயகம்.

"முறிவு என்பது விளைவு. தேய்வு என்பது காரணம்," என்றார் வாகீசன். அவர் வீட்டில் எவ்வாறு கதைப்பாரோ அறியோம். நிலையத்துக்குள் செந்தமிழன்றி வேறு வழங்கார். "பெரும்பாலும் மாதரையே பற்றும் எலும்புத் தேய்வு உம்மைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. எமது நிலையத்தின் முதல் ஆடவர் நீர். சாருஜா, இவரைப் படம் எடுக்கச் சொல்."

"படம் எடுத்தாச்செல்லோ ஐயா, உறைக்குள்ளை கிடக்கு."

"இது முகநூலுக்கு அண்ணை," என்றாள் சாருஜா. நிலையத்தின் நிகழ்ச்சிகளையும் நோயாளர்களையும் ஒருங்கே ஒழுங்கு செய்பவள் அவள். "கொஞ்சம் நிமிந்து நில்லுங்கோ."

"நிமிரேலாது பிள்ளை."

"அப்ப சிரிச்சாக் காணும்."

இராசநாயகம் சிரித்தார். பக்கத்தில் நின்ற மனைவி பராசக்திக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கணவரை நெடுநாளாகப் பார்த்து வந்தவர்.

"ஐயா, இவருக்கு நாரி மட்டுமில்லை. ஆள் மெலிஞ்சு போனார், சறம் இடுப்பிலை நிக்குதில்லை. நாலு வாளி தண்ணி அள்ளினா மூச்சு வாங்குது. ஓயாமல் விடாய் விடாய் எண்டு குடிக்கிறார். சலம் போனா நுரைச்சுப் போய்க் கிடக்கு. நாரிப்பிடிப்பெண்டா படுக்கக் குறையவேணும். இவருக்குப் படுத்தாப் போலையும் நோகுது."

வாகீசன் சுவரிலிருந்த பலகையைச் சுட்டினார். 'எலும்பல்லாத முறைப்பாடுகளை இங்கு உரைத்தல் மரபன்று' என்று அதில் எழுதியிருந்தது.

"அப்ப எங்கை ஐயா சொல்லுறது?"

"மெலிவுக்கு ஓரிடம். தாகத்துக்கு ஓரிடம். சலத்துக்கு ஓரிடம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிலையம் உண்டு; இல்லையாயின் வருங்காலத்தில் எழும். எமது பிள்ளைகள் வெளிநாட்டில் உள்ளவரை நோய்க்கும் குறைவில்லை, நிலையத்துக்கும் குறைவில்லை."

"எல்லாம் ஒராளுக்கெல்லோ ஐயா இருக்கு."

"அது தற்செயல், அம்மா. மருத்துவம் தற்செயல்களை ஆராய்வதில்லை."

"ஒருக்கா இரத்தம் குத்திப் பாத்தா என்ன?"

வாகீசன் பொறுமை மிக்கவர். கண்களை மூடித் திறந்தார். "நோய் இன்னதென்று அறியாதவர்க்கே குருதிப் பரிசோதனை. உம் கணவரின் நோயை யாம் அறிந்துவிட்டோம். அறிந்ததைத் தேடுவது எமது அறிவை இகழ்வதாகும்."

இவ்வாறு நோய் அறியப்பட்டது. காலையில் ஒரு சுண்ணாம்புச்சத்துக் குளிசை, மாலையில் ஒன்று, பால், இளவெயில். பிறந்த நாள் முதல் வெயிலில் நின்ற மனிதன் இப்போது மருந்தாகவும் வெயிலில் நின்றான். குளிசைகள் சேரச் சேர இராசநாயகத்தின் விடாய் பெருகியது, மலம் இறுகியது, பேச்சின் நடுவே என்ன பேசினோம் என்பதை மறந்தார். எலும்பைத் தின்றுகொண்டிருந்த ஏதோவொன்று சுண்ணாம்பைக் கரைத்து அவர் குருதியில் ஏற்கெனவே கலந்து விட்டிருந்தது; நிலையம் தன் பங்குக்கு மேலும் கொஞ்சம் கலந்தது. இதனை அறிய வேண்டியிருந்தது ஒரு சிறு குழாய்க் குருதி. உறுதிமொழியைப் பார்க்கிலும் அது எளிது, நிற்கவும் வேண்டியதில்லை.

பின்னொரு நாள் குசினியிற் செத்தல் மிளகாய் வறுத்த நெடியில் இராசநாயகம் தும்மினார். விலா எலும்பு ஒன்று முறிந்தது. நிலையம் குளிசையைக் கூட்டியது. அடுத்து, பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தபோது முள்ளந்தண்டில் இன்னும் ஓரெலும்பு தட்டையாயிற்று. நிலையம் பாலைக் கூட்டியது. உயரத்தை அளந்த பணிப்பெண், இரண்டு விரற்கடை குறைந்திருப்பதாகச் சொன்னாள்.

"போன முறை அளந்தவர் பிழையாய் அளந்திருக்கிறார்," என்றாள் சாருஜா.

"போன முறையும் நான்தான் அக்கா அளந்தனான்."

"அப்ப நீர்தான் பிழையாய் அளந்திருக்கிறீர்."

வாசலிலிருந்த வாங்குப் பலகையிற் காத்திருப்போரில் குருநகர் மரியநாயகி ஒருத்தி. இடுப்பு முறிந்து தேறியவள், நாக்கு முறியாதவள். இராசநாயகம் வந்து அமரும்போதெல்லாம் இடம் விட்டுக் கொடுப்பாள்.

"தம்பி, இந்த முறை எங்கை?"

"பஸ்ஸுக்கை அக்கா. நாரியிலை."

"மாதாவே. நான் கடலிலை போன மனிசனையும் பாத்தன், அலையடிச்சு வந்த வள்ளத்தையும் பாத்தன். தும்மி முறிஞ்ச ஆம்பிளையை இஞ்சைதான் பாக்கிறன். உமக்குத் தும்மல் வந்தா ஆரையும் பிடிக்கச் சொல்லும்."

"தேய்வுதானாம்."

"தேய்வோ? நான் ஒம்பது பெத்து, எழுபது தாண்டி, வழுக்கி விழுந்து ஒருக்கா முறிஞ்சனான். நீர் ஒண்டும் பெறேல்லை, விழவுமில்லை. அதெப்பிடி உமக்கு என்னைவிடத் தேஞ்சது?"

இராசநாயகம் படத்தின் உறையை மடியில் நேராக்கி வைத்துக்கொண்டார். டொக்டர் சொன்னதை மரியநாயகிக்காக மாற்றுவது முறையல்ல என்று அவருக்குத் தோன்றியது.

அந்நாளில்தான் அற்புதம் நிகழ்ந்தது. மானியின் கீழே அவரைக் கிடத்தி அளந்தபோது நாரி எலும்பின் அடர்த்தி முன்னையிலும் உயர்ந்திருந்தது. சென்ற முறை அளந்தபோது நசுங்கியிருந்தது ஓரெலும்பு. இம்முறை இரண்டாவதும் நசுங்கப் பெரிதும் உயர்ந்தது. நிலையம் திறந்த நாளிலிருந்து எவருக்கும் இத்துணை உயர்ந்ததில்லை. வாகீசன் மானியின் முன் கைகூப்பி நின்றார். மயூரதன் ஆண்டு விழாவுக்கு வருவதாக இருந்தார், அவருக்குக் காட்ட ஓர் ஏற்றம் தேவைப்பட்டது, இறைவன் அளித்துவிட்டான்.

நிலையத்துக்குக் கிழமையில் ஒரு நாள் வந்து போன இளம் மருத்துவர் ஆரணி மட்டும் கைகூப்பவில்லை. மற்ற நாட்களில் அரச ஆஸ்பத்திரியின் நோயாளர் விடுதியிற் கடமையாற்றியவள் ஆகையால் நிலையத்தின் பழக்கவழக்கங்கள் அவளுக்கு இன்னும் படியவில்லை.

"சேர், இது கூடினதில்லை," என்றாள். "நசுங்கின எலும்பு சின்ன இடத்துக்குள்ளை அமந்து கிடக்கு. இருந்த சுண்ணாம்புதான், இடம்தான் குறைஞ்சது. வைக்கலை மிதிச்சு மூடைக்குள்ளை அடைஞ்சா வைக்கல் கூடினதெண்டு சொல்லுவமே?"

"மானி பொய்யுரைக்குமா, மகளே?"

"மானி பொய் சொல்லேல்லை சேர். நாங்கள் முறிஞ்ச எலும்பைக் காட்டி அதிட்டைக் கேட்டனாங்கள், அதுதான் பிழை." அவள் குரலைத் தாழ்த்தினாள். "சேர், ஆம்பிளை. தோட்டக்காரன். விழாமலே மூண்டு தரம் முறிஞ்சிருக்கு. வெளிறிப்போய், மெலிஞ்சு, படுக்கையிலும் நோகுது, தண்ணி விடாய், சலம் நுரைக்குது. இது சும்மா தேய்வில்லை. எலும்பு மச்சைக்குள்ளை புற்று இருக்கலாம். இரத்தத்தையும் சலத்தையும் அனுப்பினா இந்தக் கிழமைக்குள்ளை தெரியும். அந்தச் சுண்ணாம்புக் குளிசையை இப்பவே நிப்பாட்ட வேணும்."

வாகீசன் சினங்கொள்ளவில்லை. அவர் பெருந்தன்மையாளர், தந்தையைப் போலவே பேசினார்.

"ஆரணி, நீ சொல்வது உண்மையாயின், அடர்த்தி உயரவில்லை. அடர்த்தி உயரவில்லையாயின், விருது இல்லை. விருது இல்லையாயின், மயூரதன் அவர்கள் எதைக் காண இத்துணைத் தூரம் பறந்து வருகிறார்? ஓர் ஐயத்துக்காக ஒரு விழாவைக் குலைப்பதா? குருதி எடுத்தால் ஐயம் என்று பொருள். ஐயத்துக்குரியவருக்கு யாம் பொன்னாடை போர்த்துவது எங்ஙனம்? விழா நிறைவுறட்டும். மறுநாளே எடு, எத்தனை குழாய் வேண்டுமாயினும். நோய் இத்துணைக் காலம் காத்திருந்தது. இன்னும் சில கிழமை காத்திருக்கும் பண்பு அதற்கு இல்லாமலா போகும்?"

ஆரணி வெளியே வந்தாள். செருப்பு வைக்கும் இடத்தில் பராசக்தி கணவரின் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் சொன்னதெண்டு சொல்லாதேங்கோ. அந்தக் குளிசையை விடச் சொல்லுங்கோ. நாளைக்கே அவரைப் பட்டணத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் இரத்தம் குத்துங்கோ. இல்லாட்டி நேரை ஆஸ்பத்திரிக்கு, என்ரை விடுதிக்கு வாங்கோ. பிந்த வேண்டாம்."

"பெரிசா ஏதுமோ பிள்ளை?"

"பெரிசாய் இருக்கலாம். கெதியாப் பிடிச்சா மருந்து இருக்கு. இன்னும் நசுங்கினா நரம்பு அமந்து கால் வழங்காமல் போகும்."

பராசக்தி வீடு வந்து சேர்வதற்கு முன்பே சாருஜா தொலைபேசியில் இராசநாயகத்தோடு கதைத்து முடித்திருந்தாள். அவருக்கு 'என்புறுதிச் செம்மல்' விருது. மேடையில் நடுக்கதிரை. பொன்னாடை. ஆளுயர மாலை. விழா மலரில் முழுப்பக்கப் படம். ஒரேயொரு நிபந்தனை: வேறிடங்களில் வேறு பரிசோதனைகள் செய்தவர் நிலையத்தின் பயன் என்று காட்டத் தக்கவர் ஆகார், ஆகவே விழா வரைக்கும் ஓரிடமும் போக வேண்டாம்.

"இஞ்சருங்கோ, நாளைக்கு வெள்ளெனப் போய் இரத்தம் குத்துவம்," என்றார் பராசக்தி.

"விழா முடியட்டும்."

"விழா எங்கையும் ஓடிப் போகாது."

"நீர் விளங்காமல் கதைக்கிறீர்." இராசநாயகம் கட்டிலிற் சாய்ந்தபடி, சொற்களைத் தேடித் தேடிப் பேசினார். "எங்கடை கோயில் மண்டபத்திலை நான் இவ்வளவு காலமும் கதிரை அடுக்கினன். வாகனக் கதவு திறக்கிறவனுக்கும் பொன்னாடை போத்தினவை. மைக் பிடிச்சவனுக்கும் போத்தினவை. நான் அடுக்கின கதிரையிலை ஒரு நாள் என்னை இரு எண்டு ஒருத்தனும் சொல்லேல்லை. இப்ப சொல்லியிருக்கினம்."

"என்னத்துக்கு? எலும்பு முறிஞ்சதுக்கோ?"

"ஏதோ ஒண்டுக்கு."

"மனிசன் எழும்பி நடக்கேலாமல் கிடக்கிறியள். சீலையாலை ஒரு துண்டு போத்தினா சுகம் வருமே?"

"இரத்தம் எங்கையும் போகாது. உடம்புக்குள்ளைதானே ஓடுது. பேந்து குத்துவம்."

பராசக்தி அன்று சுண்ணாம்புக் குளிசைகளைக் கிணற்றுக்குள் எறிந்தார். ஆயினும் கணவரைத் தூக்கிச் சென்று பஸ்ஸில் ஏற்ற அவரால் இயலவில்லை. ஊர்ப் பெரியவர்கள் வந்து இராசநாயகத்தின் கையைப் பிடித்து வாழ்த்தத் தொடங்கிவிட்டிருந்தார்கள். ஊருக்கு இப்படியொரு பெருமை வந்திருக்கும்போது இடையில் ஆஸ்பத்திரி என்ன ஆஸ்பத்திரி என்று பராசக்திக்கும் புத்தி சொன்னார்கள்.

மரியநாயகியும் செய்தி கேள்விப்பட்டிருந்தாள். "மூண்டு தரம் முறிஞ்சதுக்கு மாலையாம். நாலாந்தரம் முறிஞ்சா வீடு கட்டித் தருவினம்போலை. பாத்து வாங்கும், தம்பி," என்றாள்.

விழா நாள் விடிந்தபோது இராசநாயகத்தின் கால்களில் எறும்பு ஊர்வது போலிருந்தது. தொடைக்குக் கீழே கிள்ளிப் பார்த்தார். பிறருடைய தொடையைக் கிள்ளியது போலிருந்தது.

"கால் விறைக்குதெண்டா இண்டைக்குப் போகவே கூடாது. அந்தப் பிள்ளை நரம்பெண்டு சொன்னது," என்று பராசக்தி வாசலில் குறுக்கே நின்றார்.

"வேட்டியைத் தாரும்," என்றார் இராசநாயகம். "கரைபோட்டதை."

மண்டபம் நிறைந்திருந்தது. மங்கள விளக்கை ஏற்ற எழுவர், வரவேற்றோர் இருவர், வரவேற்றவரை வரவேற்றோர் ஒருவர். இராசநாயகம் நடுக்கதிரையில் இருந்தார். தம் பெயர் ஒலிக்கும்போதெல்லாம் அது எவருடைய பெயரோ என்பது போலச் சுற்றிப் பார்த்தார். தொண்டை வறண்டது, தண்ணீர்ப் போத்தல்கள் விருந்தினருக்குரியவை, விருது பெறுவோருக்கு விழாவின் முடிவில் இளநீர் என்று சாருஜா காதோடு சொன்னாள்.

மயூரதன் பேசினார். "அம்மா விழுந்தாப் போலை நான் வரேலாமல் போச்சு. வேலை. ஒவ்வொரு நாளும் போன் எடுத்தனான். ஒருக்கா வந்து பாத்திட்டுப் போ எண்டு சொல்லுவா. எனக்கு அது மனசிலை கிடந்தது. அம்மாவைப் பாக்கேல்லை, அம்மாவின்ரை எலும்பையாவது பாக்கலாமெண்டு நினைச்சன். அதுதான் இந்த மெசின். இதிலை மனிசரைத் தெரியாது. எலும்பு மட்டும்தான் தெரியும். எனக்கு அது பிடிச்சிருக்கு." சபை உருகியது. கைதட்டல் நெடுநேரம் நீடித்தது.

அடுத்து வாகீசன். "தேவர்கள் இடருற்ற காலத்தில் ஒரு முனிவரிடம் சென்று அவர்தம் முதுகெலும்பை யாசித்தனர். முனிவர் தயங்கவில்லை. ஈந்தார். அவ்வெலும்பால் தேவர்கள் வென்றனர். முனிவருக்கு என்னாயிற்று என்று எவரும் கேட்பதில்லை. கேட்பது விழாவுக்கு அழகுமன்று. இன்று எம் நடுவே இராசநாயகம் அவர்கள் தம் முதுகெலும்பை எம் மானிக்கு ஈந்து நிலையத்தின் வெற்றியை நிலைநாட்டியிருக்கிறார். இவர் இங்கு வந்தபோது நிமிர இயலாதவர். இன்றும் நிமிர்ந்தாரில்லை. ஆயினும் அடர்த்தி நிமிர்ந்திருக்கிறது. எமக்கு வேண்டுவது அதுவே."

பொன்னாடை போர்த்தப்பட்டது. இருவர் மாலையைச் சுமந்து வந்தனர். செவ்வந்தியும் அரளியும் மரிக்கொழுந்தும் சேர்த்து ஆள் பருமனில் கட்டி, பேச்சுகள் முடியும்வரை வாடாதிருக்க நீர் தெளித்துத் தெளித்து வைத்த மாலை. மயூரதனும் வாகீசனும் இரு புறமும் பற்றி, இராசநாயகத்தை எழுப்பி நிறுத்தி, கழுத்தில் இட்டனர். புகைப்படக்காரர் இன்னும் கொஞ்சம் குனியச் சொன்னார். இராசநாயகம் குனிந்தார்.

ஒலிவாங்கி அருகிலிருந்தமையால் அவ்வொலி மண்டபமெங்கும் கேட்டது. பின்வரிசையில் இருந்தோர் வாசலில் எவரோ தேங்காய் உடைத்தார் என்றே எண்ணினர். இராசநாயகம் மாலையோடு மடிந்து, மயூரதனின் காலடியில் நெடிதாக விழுந்தார்.

"காணுங்கள், பெரியோர்களே," என்று நிகழ்ச்சி அறிவிப்பாளர் தழுதழுத்தார். "பட்டம் பெற்ற செருக்கின்றி, கொடையாளரின் தாளிணையில் அட்டாங்கமாக வீழ்ந்து வணங்குகிறார் எங்கள் செம்மல்."

சபை எழுந்து நின்று கைதட்டியது. மயூரதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகைப்படக்காரர் இன்னொருமுறை வணங்கச் சொன்னார். இராசநாயகம் எழவில்லை. பராசக்தி மேடையை நோக்கி ஓடினார். அவரை முந்தி ஆரணி ஏறினாள்.

"ஆரணி," என்றார் வாகீசன், ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு, "மேடைக்கு வரிசைமுறை உண்டு."

"காலை அசையுங்கோ ஐயா," என்று ஆரணி இராசநாயகத்தின் பெருவிரலைப் பிடித்தாள். "அசைக்கிறீங்களோ?"

"அசைக்கிறன் பிள்ளை," என்றார் அவர். கால் அசையவில்லை.

அரச ஆஸ்பத்திரி விடுதியில் அன்று மாலையே குருதி எடுத்தார்கள். அதற்கு ஒரு கணமே பிடித்தது. குருதியிற் சுண்ணாம்பு மிகுந்து கிடந்தது. சிறுநீரகங்கள் பெரும்பாலும் அவிந்துவிட்டிருந்தன. மச்சையைக் குத்தி எடுத்துப் பார்த்தபோது அதில் நிறைந்திருந்தது புற்று. எலும்பைத் தேய்த்தது முதுமையன்று. உள்ளிருந்து தின்றது அது. நரம்பு நசுங்கிக் கால்கள் போய்விட்டன. தெற்கே புற்றுநோய் வைத்தியரிடம் தொலைபேசியில் கேட்டார்கள். முதல் எலும்பு முறிந்தபோதே அனுப்பியிருந்தால் ஆண்டுக்கணக்கில் நடமாட வைத்திருக்கலாம் என்றார். இப்போது அனுப்ப வேண்டாம், வழியிலேயே முடிந்துவிடும் என்றார்.

வாகீசன் பார்க்க வந்தார். பழங்களோடு வந்தார்; உடன் சாருஜா வந்தாள். கட்டிலருகே நின்று நெடுமூச்செறிந்தார்.

"இராசநாயகம், உமக்கு ஒரு நற்செய்தி. உமக்கு எலும்புத் தேய்வு இல்லை."

"இல்லையோ ஐயா?"

"ஒருபோதும் இருந்ததில்லை. ஆய்வுகள் ஐயந்திரிபற நிறுவிவிட்டன. நீர் குருதிப் புற்றுடையவர். ஆகவே நீர் எமது நோயாளி அல்லர். எமது நோயாளருள் எவரும் நலங்குன்றியதில்லை என்னும் பெருமை காக்கப்பட்டது. உமக்கும் அதில் பங்குண்டு."

இராசநாயகம் தலையை அவர் பக்கம் திருப்பினார். "அப்ப ஐயா, நான் விழுங்கின குளிசையள்?"

"தடுப்புக்கு."

"என்னத்தைத் தடுக்க?"

"எலும்புத் தேய்வை. பாரும், வரவேயில்லை."

பராசக்தி கட்டிலின் மறுபுறம் நின்று கணவரின் உதட்டைப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா," என்றார் இராசநாயகம் மீண்டும். "அந்தப் பட்டம்..."

சாருஜா வாகீசனைப் பார்த்தாள். வாகீசன் சாளரத்துக்கு வெளியே பார்த்தார். "அது குறித்துக் குழு கூடும்," என்றார்.

குழு கூடியது. வாகீசனே தலைவர். ஓர் ஆண்டு விழா இவ்வாறு முடிந்தது எதனால் என்பதை அது ஒளிவுமறைவின்றி ஆராய்ந்தது. பூக்கடைக்காரரை அழைத்து விசாரித்தது. மாலையைப் போலவே மற்றொரு மாலை கட்டுவித்து, காய்ந்த நிலையிலும் நனைந்த நிலையிலும் தராசிலிட்டது. ஆரணியை அழைக்கவில்லை, மாலை கட்டியபோது அவள் உடனிருக்கவில்லை. முடிவு தெளிவாயிருந்தது: பேச்சுகளின் நீளத்தால் மாலைக்கு மிகுதியாக நீர் தெளிக்க நேர்ந்தது, நீரால் நிறை கூடியது, நிறையால் முள்ளந்தண்டு முறிந்தது. பேச்சுகளைக் குறைப்பது இயலாதாகையால், நீரைக் குறைக்குமாறு குழு பரிந்துரைத்தது. அம்முடிவு வெளியான நாளில் இராசநாயகம் உணர்விழந்தார். இரண்டு நாள் கழித்து இறந்தார்.

செத்தவீட்டில் ஈமக்கிரியைக்கென உரலில் சுண்ணம் இடித்துக்கொண்டிருந்த வேளையில் வாகீசன் வந்தார். வெண்ணிற வேட்டி, தோளிற் சால்வை. வாசலில் நின்றோர் வழிவிட்டனர். பந்தலின் நடுவே பிரேதம் கிடந்தது. பெட்டி நீளமாயிருந்தது, மனிதர் குறுகியிருந்தார். வாகீசன் தலைமாட்டில் நின்று கண்மூடி ஒரு திருமுறையை மெல்லிய குரலில், பிழையின்றி ஓதினார். பிறகு பராசக்தியிடம் வந்தார்.

"அம்மா, உங்களுக்குச் சொல்லவே நேரில் வந்தேன். உங்கள் கணவரின் இறப்பு வீணாகவில்லை. காரணத்தைக் கண்டறிந்துவிட்டோம். மாலை. இனி எமது விழாக்களில் நனைந்த மாலை இல்லை. தீர்மானம் நிறைவேறிவிட்டது. இனி எவருக்கும் இவ்வாறு நேராது."

பராசக்தி நிமிர்ந்து பார்த்தார். அழுது அடங்கிய கண்கள்.

"டொக்டர், உங்கடை வாங்கிலை இண்டைக்கும் ஆக்கள் இருப்பினம். விழாமல் முறிஞ்ச ஆக்கள், மெலிஞ்ச ஆக்கள். அவைக்கு ஆரும் இரத்தம் குத்திப் பாத்தவையோ?"

வாகீசனுக்கு அக்கேள்வி விளங்கவில்லை. துயரத்தில் மனம் கலங்கியிருக்கிறார் என்று எண்ணி, மெய்யான இரக்கத்தோடு அவர் கையைப் பற்றினார்.

"அவர்களுக்கு எதற்கு, அம்மா? அவர்கள் எவருக்கும் யாம் மாலை இட்டதில்லையே."